ஆர். முத்தையா

ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றியவர். இவர் வகுத்த விசைமுறை தமிழகத் தட்டச்சுப் பயிற்சியிலும் பின்னர் கணினி விசைப்பலகையிலும் தொடர்ந்தது.

வாழ்க்கை

முத்தையா 1886 பெப்ரவரி 24 அன்று யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் இராமலிங்கம் என்பவரின் மகனாகப் பிறந்தார். 1907 இல் மலாயா சென்றார். அங்கு ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து, 1930 வரை எழுத்தராகப் பணிபுரிந்தார். சுருக்கெழுத்தும் பயின்றார். நாள்தோறும் ஆங்கிலத் தட்டச்சைக் கையாண்ட இவர், தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டும் என எண்ணினார்.

தட்டச்சுப் பொறி

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. 46 விசைகள் கொண்ட பொறியில், ஒரு விசைக்கு இரண்டு எழுத்துகள் எனக் கொண்டாலும் 92 இடங்களே கிடைக்கும். எனவே கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைப் பிரித்துத் தனி விசைகளில் அமைக்க வேண்டியிருந்தது. கு, மு, ரு போன்றவை எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவற்றுக்குத் தனி விசைகள் தேவைப்பட்டன.

புள்ளிக்கு நகரா விசை பயன்பட்டது. இதனை அழுத்தினால் புள்ளி பதியும். ஆனால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே பதியும். ஐரோப்பிய மொழிகளின் பொறிகளில் எழுத்தின் மேல் வரும் குறிகளுக்கும் இத்தகைய விசைகள் இருந்தன. இதனால் "க்" என்பதற்குப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அடிக்கும் வழக்கம் நிலைபெற்றது.

முதல் உலகப் போருக்குப் பின்னர் முத்தையாவின் பொறிகள் செர்மனியில் தயாரிக்கப்பட்டன. முதலில் மேசைப் பொறியும், பின்னர் எடுத்துச் செல்லத்தக்க சிறிய பொறியும் வெளிவந்தன. பிஜோ, ஐடியல் என்பன அவற்றுள் சில.

கணினியில் தொடர்ச்சி

1956 இல் தமிழ் தமிழகத்தின் ஆட்சிமொழியானது. அலுவலகங்களில் தமிழ்த் தட்டச்சர்கள் தேவைப்பட்டனர். மதுரை முதலிய நகரங்களின் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்று, அரசுத் தேர்வு எழுதி வேலை பெற்றோர் பலர்.

கணினி வந்தபோது இவர்களின் விரற்பழக்கம் ஒரு சிக்கலை உருவாக்கியது. ஒருங்குறியில் மெய்யெழுத்தின் புள்ளி ககரம் முதலியவற்றுக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது, கொம்பும் அவ்வாறே. பொறியிலோ இரண்டும் முன்னால் வரும். ஆகவே தட்டச்சு முறையைத் தரும் மென்பொருள்கள், முதலில் அழுத்திய குறியை நிறுத்தி வைத்து, எழுத்து வந்தபின் வரிசையை மாற்றி அமைக்கின்றன. ஒரு குறுக்குவிசையால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி, கணினியின் பெரும்பாலான செயலிகளிலும் இவ்வாறு எழுத இயலும்.

1999 இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. இதில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளைக் கொண்டே தமிழ் எழுத்துகள் அனைத்தையும் பெறலாம். ஒரே மெய் இருமுறை வந்தால் புள்ளி தானே அமையும். புதிதாகக் கற்போருக்கு இது எளிது. எனினும் பழைய தட்டச்சு முறை கைவிடப்படவில்லை. அதனைக் கற்றவர்கள் மீண்டும் முதலிலிருந்து பயிலாமலே கணினியில் தமிழ் எழுத அது உதவியது.