பனங்காட்டில் பிறந்த பேராயர்

என்ன வேலை என்று கேட்டால், சும்மா கொழுந்து வேலைதாங்க என்று தலை குனிந்து சொல்வோர் கம்போங் ராஜா தோட்டங்களில் நம்மிடையே உண்டு. அந்தச் 'சும்மா' காதில் விழும்போதெல்லாம் நமக்கு அசரியா ஐயாவின் நினைவுதான் வருகிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். பனையேறிப் பிழைத்த சமூகம். தகப்பனார் கிராமத்துக் குருவானவர். சென்னையில் கல்லூரி வரை போயும் நோயினால் பட்டம் வாங்காமலே திரும்பினார்.

1902-ல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். நம்மால் ஏன் முடியாது? மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1909-ல் தாமே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போய், பாஷை கற்று, ஊழியம் செய்தார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் தியாகம் செய்தால் போதாது, எங்களுக்கு நண்பர்களாகவும் இருக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

ஆனால் நாம் பெரிதாக எண்ணுவது பதவியை அல்ல. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரார் ஒதுக்கி வைத்த மாலா, மாதிகா கூலி மக்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தம் தலைமேல் கை வைக்கச் சொல்லி, நற்செய்தி சொல்வது தன் கடமை என்று வாயாலேயே அறிக்கையிட வைப்பார். எழுத்தறியாத கூலிக்கும் கடவுள் வேலை கொடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். 1945 ஜனவரி முதல் நாள் ஐயா காலமானார்.

தோழர்களே, கூடை சுமக்கும் தலையும் அவர் தொடச் சொன்ன தலைதான். இனி 'சும்மா' என்று சொல்லாதீங்க.