டாக்டர் ஜேகப் சாண்டி

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள யந்திரசாலைகளில் தொழிலாளி ஒருவர் காக்காய் வலிப்புக் கண்டு விழுவாராயின், அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க இன்றும் சிலர் ஓடி வருவர். இரும்பை உருக்கி வார்த்து மோட்டார் வண்டி செய்யும் பிரதேசத்தில், இரும்புக்கு இல்லாத மகிமையை ஏற்றுவது விந்தையன்றோ! அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர். இந்நோய்க்குச் சாஸ்திர ரீதியான பரிகாரம் தேடி அவ்வூரில் உழைத்த வைத்தியர் ஒருவரின் சரித்திரத்தை நம் நேயர்கள் அறிதல் நலம்.

டாக்டர் ஜேகப் சாண்டி 1910-ஆம் ஆண்டில் கோட்டயத்தில் பிறந்தார். சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்று, பஹ்ரைன் தீவின் மிஷன் ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் தொண்டு புரிந்தபின், கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டிடம் மூளை ரண சிகிச்சை கற்றார். நோயாளி விழித்திருக்கையிலேயே மூளையை மெல்லிய மின்விசையால் தொட்டுச் சோதித்து, வலிப்பு எழும் ஸ்தானத்தைக் கண்டு அகற்றுவதில் பென்ஃபீல்டு உலகப் புகழ் பெற்றவர். அத்தகைய ஆசானிடம் தேறியவர் மேனாட்டிலேயே தங்கிப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். சாண்டியோ, சுதந்திரம் பெற்று ஈராண்டே ஆன தாய்நாட்டுக்கு மீண்டு, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு ரண சிகிச்சைப் பகுதியை நிறுவினார். 1951-இல் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி முதலியோருடன் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டிலேயே வலிப்பு நோய்க்கு ரண சிகிச்சை செய்து, நம் நாட்டில் அத்துறைக்கு அடிகோலினார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2007-இல் தமது 97-ஆம் வயதில் காலமானார்.

வைத்தியம் இவ்வாறு முன்னேற, சட்டம் பின்னோக்கி நடந்தது. வேலூர்ச் சிகிச்சைக்கு 24 ஆண்டுகளுக்குப் பின், 1976-இல் ஹிந்து விவாகச் சட்டத்தைத் திருத்தியவர்கள், அடிக்கடி வலிப்புக் காண்பவரைச் சித்தப்பிரமை உடையவரோடு ஒரே வரிசையில் நிறுத்தி, விவாகத்துக்கு அருகதையற்றவர் என விதித்தனர். 1999-இல்தான் அக்களங்கம் துடைக்கப்பட்டது.

சட்டம் திருந்தினும் ஜனங்களின் மனம் முற்றும் திருந்தவில்லை. மூளையின் நரம்பணுக்களில் மின்விசை திடீரென மிகுவதால் வருவதே வலிப்பு. அது பேயுமன்று, தொற்றுமன்று. பத்துப் பேரில் எழுவர் வரை தக்க மருந்தாலேயே வலிப்பின்றி வாழ இயலும். ஆயினும், உண்மையைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சும் தொழிலாளி நோயை மறைக்கிறார். மறைத்து இரவு ஷிப்டில் கண்விழிக்கிறார். தூக்கமின்மையே மீண்டும் வலிப்பைத் தூண்டிவிடுகிறது. உண்மை உரைப்பவரை நீக்காது, உயரமும் அபாயகரமான யந்திரமும் இல்லாத பகல் வேலைக்கு மாற்றுவதே முதலாளிகளின் தர்மம். அதனை வற்புறுத்திப் பெறுவது தொழிற்சங்கத்தாரின் கடமை.

அருகிலிருப்போர் செய்யவேண்டியது சிறிதே. விழுந்தவரை ஒருக்களித்துக் கிடத்துக. தலைக்கடியில் துணி வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துக. அவரை அழுத்திப் பிடிப்பதும் வாயில் எதையேனும் திணிப்பதும் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108 வண்டியை அழைத்திடுக. பரதேசத்தில் கற்ற வித்தையைத் தாய்நாட்டுக்கு அர்ப்பணித்த சாண்டிக்கு, சாவிக்கொத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு விழுந்தவர் பக்கத்தில் பொறுமையாய் அமர்வதே நாம் செலுத்தும் நன்றியாகும்.