நூலக வேலையே வேண்டாம் என்றவர் ‘நூலகவியலின் தந்தை’ ஆனது எப்படி? எஸ்.ஆர்.ரங்கநாதனின் கதை

ஷாப்பிங் ஆப்பில் செல்போன் தேடுகிறீர்கள். கம்பெனி, விலை, ரேம், நிறம் என ஒவ்வொன்றாக டிக் செய்யச் செய்ய, ஆயிரக்கணக்கான போன்கள் பத்தாகச் சுருங்கிவிடும். ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த யோசனையை நூலகப் புத்தகங்களுக்காக ஒரு முழுமையான முறையாக வளர்த்தெடுத்தவர், நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அவரது பிறந்தநாளை ஒட்டித்தான் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், அவர் நூலகர் வேலையை விரும்பிச் சேர்ந்தவர் இல்லை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தப்பித்து ஓடப் பார்த்தவர்!

கணக்கு வாத்தியார் நூலகர் ஆனது எப்படி?

1892-ல் பிறந்த ரங்கநாதன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். திக்குவாய் பிரச்சினை இருந்தும் ஆசிரியர் தொழிலைத்தான் தேர்ந்தெடுத்தார். மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்திவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தனது முதல் நூலகரைத் தேடிக்கொண்டிருந்தது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும் இல்லை. இன்டர்வியூவுக்கு முன்பு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு, ஆள் அரவமில்லாத நூலகம் கொடுமையாக இருந்தது. பழைய வேலையே போதும் என்று மாநிலக் கல்லூரிக்குப் போய் நின்றார். ஒரு சமரசம் ஏற்பட்டது. முதலில் லண்டன் போய் பயிற்சி எடுக்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் பிடிக்காவிட்டால், கணக்கு வாத்தியார் வேலை காத்திருக்கும்.

லண்டனில் என்ன மாறியது?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகரிடம் படித்தார். அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். தொழிலாளிகள், பெண்கள், குழந்தைகள் என எல்லோரும் அங்கு வந்து போவதைப் பார்த்தார். நூலகம் என்பது புத்தகக் கிடங்கு அல்ல, ஊரையே படிக்க வைக்கும் கருவி என்பது அவருக்குப் புரிந்தது.

அதே பயணத்தில் ஒரு குறையும் அவர் கண்ணில் பட்டது. அப்போது பரவலாக இருந்தது அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசம வகைப்பாடு. அதில் அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரித்து, பெரும்பாலும் முன்கூட்டியே எண் கொடுத்து வைத்திருப்பார்கள். பட்டியலில் இல்லாத புதிய பொருளில் ஒரு புத்தகம் வந்தால்? எங்கேயாவது திணிக்க வேண்டியதுதான்.

விடை கிடைத்தது செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே இரும்புப் பட்டைகள், அதே நட்டு போல்ட்டுகள். ஆனால், மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் வேறொரு பொம்மை. புத்தகங்களின் எண்ணையும் இப்படிக் கோக்கலாமே என்று அவருக்குப் பொறி தட்டியது.

கோலன் வகைப்பாடு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 1950-களில் நெற்பயிர் நோய்களைக் கட்டுப்படுத்தியது பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கென்று ரெடிமேட் எண்ணைத் தேட வேண்டாம். நெல், நோய், கட்டுப்படுத்தல், தமிழ்நாடு, 1950-கள் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டை எடுத்துக் கோத்தால் போதும். நட்டு போல்ட்டுக்குப் பதிலாக, முக்காற்புள்ளி எனப்படும் கோலன். அதனால்தான் 1933-ல் வெளியானபோது இதற்குக் கோலன் வகைப்பாடு என்று பெயர் வந்தது.

பிற்பாடு இதை இன்னும் செதுக்கினார். எந்தப் பொருளையும் மையக்கரு, மூலப்பொருள், செயல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களால் விவரிக்கலாம் என்றார்.

ஐந்து விதிகள் எதற்கு?

1925-ல் சென்னை திரும்பியவர், கணக்கு வாத்தியார் வேலையைக் கேட்கவே இல்லை. 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான். ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் அதற்கான வாசகரைப் போய்ச் சேர வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

கேட்க ரொம்ப சிம்பிளாக இருக்கும். ஆனால், ஒவ்வொன்றும் நிர்வாகத்தில் ஒரு மாற்றத்தைக் கேட்கிறது. முதல் விதியை ஏற்றுக்கொண்டால் பீரோவைப் பூட்டி வைக்க முடியாது. மக்கள் வரக்கூடிய நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும். இரண்டாவதை ஏற்றால், படித்தவர்களுக்கு மட்டும்தான் நூலகம் என்று சொல்ல முடியாது. நான்காவதை ஏற்றால், சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்கும் முறை போக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இதைச் செய்தும் காட்டினார். வாசகர்களே அலமாரிகளுக்கு இடையே போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்றானது. தேடுபவருக்குக் கூட நின்று உதவ ஊழியர்கள் வந்தார்கள். நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பும் தொடங்கியது. 1936-ல் கடற்கரையோரம் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. சுமார் 20 ஆண்டுகள் கிட்டத்தட்ட விடுமுறையே எடுக்காமல் உழைத்தார்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்ன செய்தார்?

1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். அந்த இயக்கத்தின் விளைவாக, 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் கிராமங்களுக்குக் கிளம்பியது. அவர் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு இன்று நாம் கட்டும் நூலக வரிக்கு அடிப்படை இந்தச் சட்டம்தான்.

சென்னை வேலையை விட்ட பிறகும் ஓயவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டே ஆண்டுகளில் சுமார் 1 லட்சம் புத்தகங்களை வகைப்படுத்தினார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் உயர்படிப்புகளுக்கு அடித்தளம் போட்டார். 1962-ல் பெங்களூருவில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியல் பேராசிரியர் பதவி உருவாக வழி செய்தார். அந்தப் பதவி அவரது மனைவி சாரதாவின் பெயரையும் தாங்கியது. 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூருவில் காலமானார்.

அவர் முறையை இன்று யார் பயன்படுத்துகிறார்கள்?

உண்மையைச் சொன்னால், ரொம்பக் குறைவு. இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் டூயி முறைக்குத்தான் போயின. கோலன் எண்கள் நீளமானவை. பதிப்புக்குப் பதிப்பு விதிகளும் மாறின. அப்படி மாறும்போதெல்லாம் அலமாரியில் உள்ள புத்தகங்களுக்குப் புது லேபிள் ஒட்ட முடியுமா? டூயி முறையைத் தொடர்ந்து புதுப்பிக்க ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. ரங்கநாதனுக்குப் பிறகு கோலனுக்கு அப்படியொரு பலம் அமையவில்லை. 1960-ல் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாம் பதிப்பு வர 1987 ஆனது.

ஆனால், யோசனை பிழைத்துக்கொண்டது. பிரிட்டனில் 1952-ல் தொடங்கிய வகைப்பாட்டு ஆய்வுக் குழு அதை எடுத்து வளர்த்தது. இன்று இணையதளங்களை வடிவமைப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள். காரணம் எளிது. அச்சிட்ட புத்தகம் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். அதற்கு ஒரே எண் போதும். திரையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே பொருளை விலை வழியாகவும் போகலாம், நிறம் வழியாகவும் போகலாம்.

ஐந்து விதிகளோ இன்னும் வேலை முடியாதவை. பூட்டிய பீரோக்களும் மாலை ஐந்து மணிக்கே மூடும் வாசிப்பறைகளும் நம் கல்லூரிகளில் இன்னமும் இருக்கின்றன. லட்சக்கணக்கில் சந்தா கட்டியும் மாணவர்களுக்கு பாஸ்வேர்டு தெரியாத மின் இதழ்கள், புதிய காலத்துப் பூட்டிய பீரோக்கள். எத்தனை ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன என்று கணக்குக் காட்டும் நூலகத்திடம் ரங்கநாதன் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: அதில் எத்தனை புத்தகங்கள் இந்த மாதம் யாருடைய கைக்காவது போயின?