இராமானுஜன் வாழ்வில் விடுபட்ட ஏடு

கணித மேதை இராமானுஜனை அறியாதார் நம் கல்லூரியில் இலர். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, குடந்தையில் வளர்ந்து, சென்னையில் கணக்கராகப் பணியாற்றி, கேம்பிரிட்ஜ் சென்று உலகப்புகழ் எய்தி, முப்பத்திரண்டு வயதில் மறைந்தார் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். 1729 என்னும் எண்ணின் கதையோ கணிதம் என்றாலே காத தூரம் ஓடும் வரலாற்றுத் துறை நண்பர்களுக்கும் தெரியும். பேராசிரியர் ஹார்டி வந்த டாக்சியின் எண் அது. அவ்வெண் சுவையற்றது என்றார் ஹார்டி. இல்லை, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார் இராமானுஜன்.

நன்று. ஆனால் ஹார்டி அன்று டாக்சி பிடித்து எங்கே போனார்? இலண்டனில் பட்னி என்னும் பகுதியில் இருந்த ஒரு மருத்துவ இல்லத்திற்கு. இராமானுஜன் அங்கே ஏன் படுத்திருந்தார்? காசநோய் என்பார்கள். அது பாதி விடைதான். மறு பாதியைப் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. அந்த விடுபட்ட ஏட்டைத்தான் இக்கட்டுரையில் புரட்ட விழைகின்றேன்.

மேதைக்குத் தோல்வி புதிதன்று. 1904இல் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கு தவிர வேறெதிலும் நாட்டமில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். பெற்றோர் தேடியலைந்தனர். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்போன்ற மாணவர்களுக்கு, மகன் தவறிவிட்டான் என்ற சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அதன் பின் நிகழ்ந்தவையும் யாவரும் அறிந்தவையே. 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார்.

அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே உலகப் போர் மூண்டது. தாம் உண்ணும் மரக்கறி உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். குளிரும் தனிமையும் வாட்டின. வீட்டிலிருந்து கடிதம் வருவது அரிதாயிற்று. இங்கோ மாமியார் கோமளத்தம்மாளுக்கும் மருமகள் ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. கணவருக்கு ஜானகி எழுதிய கடிதங்கள் போய்ச்சேராமல் தடுக்கப்பட்டன. மனைவி எழுதவில்லையே என்று அங்கே அவர் ஏங்கினார்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. இந்திய நண்பர் ஒருவரை விருந்துக்கு அழைத்து, இராமானுஜன் தாமே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை ரசம் வாங்கிப் பருகிய விருந்தினர் மூன்றாம் முறை போதும் என்றனர். சிறிது நேரத்தில் விருந்தளித்தவரைக் காணவில்லை! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து அவருடைய தந்தி வந்தது. மேதைகளின் விசித்திரம் என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிண்ணம் ரசத்தை வேண்டாம் என்றதையே தாங்க முடியாத அளவிற்கு ஒரு மனிதரின் உள்ளம் புண்பட்டிருந்தது என்றல்லவா இதைப் படிக்க வேண்டும்?

1917இல் உடல் நோய் முற்றியது. மருத்துவ இல்லம் மாறி மருத்துவ இல்லமாக வைக்கப்பட்டார். அவ்வாண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவிக்கான தேர்விலும் அவர் தெரிவு செய்யப்படவில்லை. போரை எதிர்த்த பெர்ட்ரண்டு ரஸ்ஸலைக் கல்லூரி நீக்கியபோது ஹார்டி ரஸ்ஸலின் பக்கம் நின்றவர். ஆகவே ஹார்டியின் ஆளுக்கு அங்கே பகைவர் பலர்.

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், இலண்டன் சுரங்க இரயில் நிலையத்தில், இராமானுஜன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காவலர் ஒருவர் கண்டு இரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். ஆனால் அவரை உடனே கொண்டுபோனது மருத்துவரிடம் அன்று, காவல்துறையிடம்! அக்காலத்தில் இங்கிலாந்தில் அது குற்றம். செய்தியறிந்து ஓடிவந்த ஹார்டி, இவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இவரைக் கைது செய்யலாகாது என்று வாதாடினார். உண்மையில் இராமானுஜன் அப்பட்டத்தைப் பெற்றது 1918 மே மாதத்தில்தான். இன்னும் பெறாத பட்டத்தைச் சொல்லி நண்பரை மீட்டார் ஹார்டி. பொய்தான், ஆயினும் அந்தப் பொய்யைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. அவ்வாண்டே டிரினிட்டியில் அவர் பெயர் மீண்டும் முன்மொழியப்பட்டது. இம்முறை முன்னின்றவர் லிட்டில்வுட். நிறத்தைக் காட்டி எதிர்த்தோர் ஒரு புறம். இரயில் நிலையச் செய்தி எப்படியோ கசிந்து, அவர் மனநிலை சரியில்லாதவர் என்ற முணுமுணுப்பு மறு புறம். இராமானுஜன் மனத்தெளிவு உள்ளவரே என்று இரண்டு மருத்துவச் சான்றிதழ்களை லிட்டில்வுட் தயாராக வைத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! பகுபடு எண்கள் குறித்தும், எண்களின் பிரிவினைகள் குறித்தும் அவர் வெளியிட்ட ஆய்வுகள் உலகின் முன் கிடந்தன. அவை போதவில்லை; பைத்தியம் இல்லை என்ற சான்றிதழும் தேவைப்பட்டது. காசநோயாளி ஆயிற்றே என்று அவரை ஒதுக்க வேண்டும் என யாரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. 1918 அக்டோபரில் அவர் ஃபெலோ ஆனார். ராயல் சொசைட்டி உறுப்பினரை மறுக்கக் கல்லூரிக்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை.

அது வெள்ளைக்காரன் ஊர், நூறாண்டுக்கு முந்திய கதை என்று தள்ளிவிடலாமா? எங்கள் சேதராப்பட்டிலேயே பார்க்கிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பெருமையாகவே பேசுவார். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரோ அதைத் தாளில் மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார். பெண் பார்க்க வருபவர் காதுக்குப் போய்விடக்கூடாது; தொழிற்பேட்டைக் கம்பெனியில் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடக்கூடாது. மருத்துவமனைக்குப் போகும் முன் மந்திரிக்கப் போவதும், போனாலும் பாதியில் நிறுத்துவதும் பெரும்பாலும் இந்த அச்சத்தால்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021இல் இந்தியாவில் இலட்சம் பேருக்கு 12 பேர் தற்கொலை செய்துகொண்டனர்; புதுச்சேரியில் அது 31.8. நம் சின்னஞ்சிறு புதுவைக்கு இந்த எண் 1729ஐ விட முக்கியமானது.

சட்டமும் மெல்லத்தான் நகர்ந்தது. இங்கிலாந்தில் 1961இல் தற்கொலை முயற்சி குற்றம் அல்லாததாயிற்று. நம் நாட்டிலோ 1860இன் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறை என்றது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்று மாற்றியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வெண்ணை விடுதி நண்பர்கள் குறித்துக்கொள்வது நலம்.

இராமானுஜனுக்கு வந்தது இன்ன மனநோய் என்று பெயர் சூட்ட நான் மருத்துவன் அல்லன். உடல் நோயைக்கூடக் காசநோய் அன்று, ஈரலைத் தாக்கிய அமீபா நோயே என்று 1994இல் ஒரு மருத்துவ ஆய்வாளர் எழுதியிருக்கிறார். ஒன்று மட்டும் உறுதி. அந்த இரயில் நிலையத்தோடு அவர் முடிந்துவிடவில்லை. 1919இல் தாயகம் திரும்பினார். உடல் எலும்புக்கூடாகத் தேய்ந்த நிலையிலும், 1920 ஜனவரியில் மாக் தீட்டா சார்புகள் என்னும் முற்றிலும் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். ஜானகி அம்மையார் அருகிருந்து பணிவிடை செய்தார். ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டில் அவர் எழுதிய தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் பட்டன. அவற்றை இன்றும் கணித உலகம் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

இரயில் நிலைய நிகழ்ச்சியை ஹார்டி ஊரறியப் பேசவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த நம் தமிழ் விஞ்ஞானி சந்திரசேகருக்கு 1930களில் நேரில் சொன்னார். 1991இல் இராபர்ட் கனிகல் எழுதிய வரலாற்று நூல் வழியாகவே அது பரவலாகத் தெரியவந்தது.

அந்த ஹார்டியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். முதுமையில் கணிதம் கைவிட்டுப் போக, உடலும் தளர, அவரையும் அதே இருள் கவ்வியது. 1947இல் அவரும் உயிரை விட முயன்று பிழைத்தார். எழுத்தாளர் ஸ்னோ அவருடைய நண்பர். பட்னிக்கு ஹார்டி போனது போலவே, ஸ்னோவும் அவர் படுத்திருந்த இடத்திற்குத் தவறாமல் போய்வந்தார். என்ன பேசினார்கள் தெரியுமா? கிரிக்கெட். ஹார்டிக்கு அதில் அவ்வளவு பித்து. மாலை வேளைகளில் அவருடைய தங்கை கேம்பிரிட்ஜ் கிரிக்கெட்டின் வரலாற்றைப் படித்துக் காட்டுவார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் ஹார்டி காலமாகும் வரை அந்தப் படிப்பு நிற்கவில்லை.