டிகிரி இல்லாத டாக்டர்: பறவை மனிதர் சலீம் அலி



சினிமா நட்சத்திரங்களின் பிறந்த நாள் நமக்கு மனப்பாடம். கிரிக்கெட் வீரர்களின் ரன் கணக்கும் விரல் நுனியில் இருக்கும். ஆனால் நம்ம வயல் வரப்பில் நிற்கும் கொக்கிலிருந்து இமயமலைக் காட்டுக் கோழி வரைக்கும், இந்த நாட்டுப் பறவைகளுக்கெல்லாம் கணக்கு எழுதி வைத்த ஒரு மனிதரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டாக்டர் சலீம் அலி அவர்கள். மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. இருந்தாலும் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

சிட்டு காட்டிய வழி

1896 நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார் சலீம் அலி. ஒரு வயதில் தந்தை போனார், மூன்று வயதில் தாயும் போனார். பிள்ளை இல்லாத தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியும் அவர் மனைவியும்தான் வளர்த்தார்கள். மாமாவுக்கு வேட்டையில் ஆசை அதிகம். மருமகனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பையன் சும்மா இருப்பானா? கண்ணில் பட்ட சிட்டையெல்லாம் சுட்டான்.

ஒருநாள் விழுந்த சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வழக்கமான சிட்டு இல்லையே என்று மாமாவிடம் காட்டினான். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர், பொடியன்தானே என்று விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அந்த அறையில்தான் சலீம் அலியின் வாழ்க்கை திசை திரும்பியது. பிற்பாடு 1985-ல் எழுதிய சுயசரிதைக்கும் ஒரு சிட்டு விழுந்ததைத்தான் தலைப்பாக வைத்தார்.

ஒரு கேள்வியோடு வாசலில் வந்து நிற்கும் சின்னப் பையனுக்கு நாலு நிமிஷம் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

படிப்பும் பிழைப்பும்

படிப்பில் அவர் புலி இல்லை. ஓயாத தலைவலியால் அடிக்கடி பள்ளியை விட்டு நின்றார். 1913-ல் தட்டுத் தடுமாறித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்து பாதியிலேயே விட்டுவிட்டு, குடும்பத்தின் டங்ஸ்டன் சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் பார்க்க பர்மாவிலுள்ள தவாய்க்குப் போனார். அங்கே போயும் கண் கணக்குப் புத்தகத்தில் இல்லை, காட்டில்தான்! 1917-ல் ஊர் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கும் ஒரு பக்கம், விலங்கியல் ஒரு பக்கம் என்று படித்தார். 1918-ல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். மறுபடியும் பர்மா. வியாபாரம் நொடித்துப்போய்த் திரும்பினார்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவை நிபுணர் வேலைக்கு முயன்றார். கிடைக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை!

நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் மேல்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். பையன் என்ன படிக்கிறான் என்று அப்பாவிடம் கேட்பவர்கள், பதிலைக் கேட்டதும் டிப்ளமோதானா என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்பு நம்மில் பலருக்கும் பழக்கம்தான். அதனால் சலீம் அலி அடுத்து என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு அதிகமாகிவிட்டது.

1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய் சம்பளத்தில் விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. தெரிந்தது போதும் என்று அதில் உட்கார்ந்துவிடவில்லை. 1928-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போனார். பெர்லின் அருங்காட்சியகத்தில் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் தொழில் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

தூக்கணாங்குருவி சொன்ன ரகசியம்

வேலை போன மனிதர் செலவு குறைவாக இருக்கட்டும் என்று கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டின. நம்ம வெட்டாற்றுக் கரையிலும் வாய்க்கால் ஓரப் பனையிலும் தொங்குகிற அதே குருவிதான். நாம் கூட்டைப் பிய்த்து விளையாடியதோடு சரி. அவரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்.

ஆண் குருவி நெல் தாளையும் புல்லையும் கிழித்து அலகாலேயே முடிச்சுப் போட்டு, கூட்டைப் பாதி கட்டுகிறது. அப்புறம் பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கின்றன. நம்ம லேபில் ஜாப்பை இன்ஸ்பெக்ஷன் செய்கிற மாதிரிதான்! பிடித்தால் அந்தப் பெண் அங்கேயே தங்கிவிடும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே தொங்கும். ஒரு கூட்டில் பெண் குடியேறிய பிறகு ஆண் மிச்சத்தை முடித்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு கூடு கட்டி இன்னொரு பெண்ணை அழைக்கிறது. இந்தக் குடும்ப வழக்கத்தை விளக்கி அவர் எழுதிய கட்டுரைதான் உலக அறிஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பெரிய லேபும் இல்லை, கருவியும் இல்லை. வேலையில்லாத காலத்தில், பொறுமையை மட்டும் வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சி அது.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. சம்பளம் வேண்டாம், வழிச்செலவும் முகாம் செலவும் கொடுத்தால் போதும் என்று கேட்டு வாங்கிய வேலை. காட்டு முகாம்களில் கூடவே இருந்து தாங்கிய தெஹ்மினா அம்மையார், ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு 1939-ல் காலமானார். மனிதர் உடைந்துபோனார். ஆனாலும் வேலையை விடவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968-லிருந்து 1974-க்குள் வெளியாகி முடிந்தது. முதல் தொகுதி வரும்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சேதி. அவர் மோட்டார் சைக்கிள் பைத்தியம்! பர்மாவில் ஓட்டிய என்.எஸ்.யூ.வில் தொடங்கி ஹார்லி டேவிட்சன் வரை பல வண்டிகள் வைத்திருந்தார். 1950-ல் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்கு, தம் சன்பீம் வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். 53 வயதில் ஐரோப்பா முழுக்கச் சுற்றி, வழியில் சில தடவை விழுந்தும் எழுந்தும் போய்ச் சேர்ந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

நம்ம கோடியக்கரையில்

நாகூரிலிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டித் தெற்கே போனால் நிலம் முடிகிற இடம் கோடியக்கரை. ஒரு பக்கம் பாலை மரக் காடு, ஒரு பக்கம் உப்புச் சதுப்பு. காட்டில் வெளிமான், புள்ளிமான், நரி, குரங்கு, மட்டக்குதிரை. சதுப்பில் ஐப்பசி மழை தொடங்கினால் பூநாரை, உள்ளான், ஆலா என்று பறவைக் கூட்டம். இதில் பல பறவைகள் இமயத்துக்கு அப்பாலிருந்து, சைபீரியப் பக்கமிருந்தெல்லாம் வருகிறவை.

இந்த இடத்தின் அருமையை 1960-களிலேயே கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் சலீம் அலி. 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஆனது. அவரது கழகம் இங்கே முகாமிட்டு, பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. எடையே தெரியாத உலோக வளையம், அதில் ஓர் எண், பம்பாய்க் கழகத்தின் முகவரி, அவ்வளவுதான். எங்கேயோ ஒரு நாட்டில் அந்தப் பறவை மறுபடி சிக்கினால், அது போன பாதை தெரிந்துவிடும். பிடிப்பதற்கு யாரை அழைத்தார்கள் தெரியுமா? பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்ற மீர்ஷிகார் மக்களை! கொல்லவும் விற்கவும் பயன்பட்ட கைத்திறனே அறிவியலுக்குப் பயன்பட்டது. கைவேலைக்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்த விஞ்ஞானிகள் அவர்கள்.

நம் மேகமலையில் 1948-ல் பிடிபட்ட ஓர் அபூர்வப் பழந்தின்னி வௌவாலுக்கும் 1972-ல் இவர் பெயரையே சூட்டினார்கள். கோவையில் 1990-லிருந்து இவர் பெயரால் ஒரு பறவை ஆராய்ச்சி மையமே இருக்கிறது.

அணையா, காடா?

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற மழைக்காட்டை மூழ்கடித்து நீர்மின் அணை கட்டத் திட்டம் வந்தபோது, அதை எதிர்த்தவர்களில் சலீம் அலியும் ஒருவர். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அது தேசியப் பூங்கா ஆனது.

மனதில் பட்டதைச் சொல்கிறேன். அணை வந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை வரும். கரண்ட் வேண்டாம் என்று எந்த ஏழை சொல்வான்? எங்கள் தெருவில் விளக்கு எரிவதும் எங்கேயோ ஒரு டர்பைன் சுற்றுவதால்தான். ஆனால் டர்பைனை வேறோர் இடத்தில் வைக்கலாம், வேறு வகையிலும் மின்சாரம் எடுக்கலாம். ஒரு மழைக்காட்டை எந்த ஒர்க்‌ஷாப்பில் செய்வது? சிங்கவால் குரங்குக்கு எங்கே ஸ்பேர் பார்ட் வாங்குவது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கோடியக்காட்டில் எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை மான் செத்தது என்பதை நம் மாவட்டமே பார்த்தது. விழுந்த கம்பத்தை மின்வாரியம் நட்டுவிட்டது. விழுந்த பாலை மரம் எழுந்திருக்கத் தலைமுறை ஆகும்.

நாளைக்கு உப்பளத்திலும், இறால் பண்ணையிலும், மின்வாரியத்திலும், ரோடு போடும் இடத்திலும் நிற்கப் போவது நாம்தான். கழிவு எந்தப் பக்கம் போகிறது, கம்பி எந்தச் சதுப்பின் மேல் போகிறது என்று சைட்டில் நின்று பார்க்கிற முதல் ஆள் டிப்ளமோக்காரன்தான். வாய் திறந்து சொல்லவேண்டியதும் அவன்தான்.

பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு 1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. பல பல்கலைக்கழகங்கள் தாமாகவே கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுத்தன. பட்டம் வாங்காதவரிடம் மாணவர்கள் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தார்கள்! 1987-ல் தம் தொண்ணூறாவது வயதில் சலீம் அலி கண்மூடினார்.

அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்! அவர் படிப்பை வெறுத்தவர் இல்லை. பெர்லின் வரை போய்க் கற்றவர். தாளில் இல்லாத தகுதியைக் கண்ணாலும் காலாலும் சம்பாதித்தவர், அவ்வளவுதான்.

நாகூர் தர்கா மனாராக்களைச் சுற்றும் புறாக்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவை எப்போது முட்டையிடுகின்றன, எத்தனை நாளில் குஞ்சு பொரிக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? ஒரு நோட்டும் பேனாவும் போதும் நண்பர்களே. பார்க்கத் தொடங்குவோம்!

வாழ்க சலீம் அலி புகழ்! வாழ்க வனமும் பறவையும்!

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், நாகூர்