ரித்விக் கட்டக்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு

ரயில் தண்டவாளத்தின் மேலேயே கேமரா வேகமெடுத்து ஓடுகிறது. முன்னால் பத்மா ஆறு. கரைக்கு வந்ததும் தண்டவாளம் முடிந்துபோகிறது, குறுக்கே ஒரு தடுப்பு. அதில் மோதின மாதிரி திரை சட்டென்று கறுத்துவிடுகிறது.

1961-ல் வந்த 'கோமல் காந்தார்' என்ற வங்காளப் படத்தின் காட்சி இது. இடம் மேற்கு வங்கத்தின் லால்கோலா. ஒரு காலத்தில் இங்கே ரயிலை விட்டு இறங்கி, ஆற்றைக் கடந்து, அக்கரையில் மறுபடி ரயில் பிடித்து ஊர் போய்ச் சேரலாம். 1947-க்குப் பிறகு அக்கரை வேற நாடு. இயக்குநர் ரித்விக் கட்டக்கின் வீடும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

1925 நவம்பர் 4-ல் டாக்காவில் பிறந்தவர். பத்மா கரையில் உள்ள ராஜ்ஷாஹியில் படித்தவர். 1943 பஞ்சத்தையும் அடுத்து வந்த பிரிவினையையும் இளைஞராக நேரில் பார்த்தார். கல்கத்தாவில் இடதுசாரி நாடக இயக்கமான இப்டாவில் சேர்ந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார்.

அதிர்ஷ்டம் மட்டும் கடைசிவரை கூட வரவில்லை. முதல் படம் 'நாகரிக்' 1952-லேயே முடிந்துவிட்டது, ஆனால் ரிலீஸ் ஆகவில்லை. ஆகியிருந்தால் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு மூன்று வருஷம் முன்பே வந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1958-ல் திலீப் குமார் நடித்து வசூலைக் குவித்த இந்திப் படம் 'மதுமதி'யின் கதை இவருடையது. சொந்தப் படங்களில் ஓடியது என்று சொன்னால், அகதிக் குடும்பத்தைத் தன் சம்பளத்தில் தாங்கித் தேய்ந்துபோகும் நீதாவின் கதையான 'மேகே தாக்கா தாரா' (1960) மட்டும்தான். அடுத்து வந்த 'கோமல் காந்தார்' படுத்துவிட்டது. 1962-ல் எடுத்த 'சுபர்ணரேகா' தியேட்டருக்கு வரவே மூன்று வருஷம் ஆச்சு. அதிலும் ஒரு அகதிக் குழந்தை, ஆற்றங்கரையில் இருப்பதாகச் சொல்லப்படும் புது வீட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இடையில் புனே திரைப்படக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் அங்கே அவருடைய மாணவர். அப்புறம் குடி. 1969-ல் மனநல மருத்துவமனை வரைக்கும் போக வேண்டி வந்தது.

1971-ல் வங்கதேசம் பிறந்தது. அங்கே போய்ப் படம் எடுக்கும் வாய்ப்பு வந்தது. கட்டக் கையில் எடுத்தது அத்வைத மல்லபர்மன் எழுதிய 'திதாஸ் ஏக்டி நதீர் நாம்' நாவலை. மாலோ மீனவர்கள், அவர்களுடைய ஆறு திதாஸ், அது வற்றிப்போகும்போது சிதறிப்போகும் ஊர் – இதுதான் கதை. மல்லபர்மனே மாலோ சமூகத்தில் பிறந்தவர். நாவல் புத்தகமாவதற்கு முன்பே, 1951-ல் காசநோயில் இறந்துவிட்டார். படம் எடுக்கும்போது கட்டக்கையும் அதே காசநோய் பிடித்தது.

'திதாஸ்' 1973-ல் வெளியானது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். கதை அங்கங்கே தாவும், பெயர்கள் குழப்பும், பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் படகும் வலையும் மழையும் அரிசி இடிக்கும் பெண்களுமாக அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நம் ஊராகிவிடும். கடைசியில் பசந்தி காய்ந்த ஆற்று மணலைக் கையால் தோண்டித் தண்ணீர் எடுக்கிறாள். சாகப்போகும் அவள் கண்ணுக்கு, பச்சை வயலில் இலைப் பீப்பி ஊதிக்கொண்டு ஓடிவரும் ஒரு சிறுவன் தெரிகிறான். வீடு போனவர்களைப் பற்றி இந்தியாவில் எத்தனையோ படங்கள் வந்தாச்சு. இந்தக் காட்சியின் பக்கத்தில் வைக்கக்கூடியவை ரொம்பக் குறைவு.

1976 பிப்ரவரி 6-ல் கல்கத்தாவில் கட்டக் இறந்தபோது வயது 50. 'நாகரிக்' மறுவருஷம்தான் திரைக்கு வந்தது. 'திதாஸ்' பிரதியை மார்ட்டின் ஸ்கார்சசியின் அறக்கட்டளை சீரமைத்து, 2010-ல் கான் விழாவில் திரையிட்டது.

ராஜ்ஷாஹியில் அவர் குடும்பம் வாழ்ந்த மியாபாரா வீடு ஒரு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் இருந்தது. 2024 ஆகஸ்டில், அவருடைய நூற்றாண்டுக்குச் சுமார் ஒரு வருஷம் இருந்தபோது, அதை இடித்துவிட்டார்கள்.