பந்தைப் பறித்த வைத்தியர்



ஞாயிறு பூசை கண்டு வீடு திரும்பும் உங்கள் பிள்ளைகள் மாலையில் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் காலி நிலம் கண்ட இடமெல்லாம் பந்து உருளுகிறது. ஆடுகிறவர்களில் கல்லூரி மாணவர் உண்டு. சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் வாலிபரும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே மைதானத்தில் கேட்கும். இது நல்லதே. ஆனால் ஆட்டம் முடிந்ததும் நொண்டிக்கொண்டு வீடு சேருகிறவர்களும் உண்டு. ஒப்பந்தக் கூலிக்குப் போகும் ஒருவனின் முழங்கால் பிசகிவிட்டால், அந்த மாதம் அவன் வீட்டு அடுப்பு தடுமாறும். தங்கையின் பள்ளிக் கட்டணம் தவறும். பந்தைத் தடுக்கப் போனவன் காலைத் தடுத்ததால் வந்த வினை அது.

ஆட்டக்காரர்கள் டாக்கிள் என்று சொல்லும் இந்தத் தடுப்பு வித்தையை ஒழுங்காகக் கற்க வேண்டும். அதற்குத் துணையாக ஒரு பெரியவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். பாப்டிஸ்டு போதகர் ஒருவரின் மகன். ஆயினும் நன்மை எங்கே விளைந்தாலும் அது சர்வேசுரன் இட்ட விதையே என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1918-ம் ஆண்டு ஜனவரி 28-ம் தேதி, அன்றைய அஸ்ஸாம் மாகாணத்து நாகர் மலையில், சாங்கி என்னும் கிராமத்தில் தாலிமெரன் ஆவோ பிறந்தார். தகப்பனார் இம்பூர் மிஷன் கோவிலின் போதகர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். அப்படிப்பட்ட வீட்டில் தோல் பந்து ஏது? மிஷன் மைதானத்தில் கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்துத்தான் சிறுவன் ஆட்டம் பழகினான்.

1935-ல் தகப்பனாரை டைபாய்டு காய்ச்சல் கொண்டுபோயிற்று. மகனுக்கு அப்போது வயது 17. மகன் வைத்தியம் கற்க வேண்டும், கற்றபின் தன் சொந்த ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே அந்தத் தகப்பனாரின் ஆசை. இந்த ஆசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாலிமெரனின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே சென்றது.

ஜோர்ஹாட்டில் மிஷன் பள்ளிப் படிப்பை முடித்து, கௌகாத்தியில் உள்ள காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மகாராணா கிளப்புக்காகவும் ஆடினார். தொடக்கத்தில் அவர் கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர். பிற்பாடுதான் தடுத்து ஆடும் இடத்துக்கு வந்தார். முன்வரிசையில் கைதட்டல் அதிகம். தடுத்து நிற்பவன் பத்து முறை காப்பாற்றியதை எவரும் எண்ணுவதில்லை. ஒரு முறை தவறினால் ஊர் முழுதும் பேசும். இரவு ஷிப்டு முடித்து வரும் தகப்பன்மாருக்கும், விடியுமுன் எழுந்து சமைக்கும் தாய்மாருக்கும் இது விளங்கும்.

1942-ல் கல்கத்தாவில் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று ஆர். ஜி. கர் கல்லூரி எனப்படுவது அதுவே. யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து நகரத்தை வாட்டிய காலம் அது. அடுத்த ஆண்டே புகழ்பெற்ற மோகன் பகான் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கிளப் 1943, 1944 ஆண்டுகளில் கல்கத்தா லீக்கையும், 1947, 1948 ஆண்டுகளில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்றது. வைத்திய மாணவராக இருந்துகொண்டே தாலிமெரன் அங்கே தடுப்பு அரணாக விளங்கினார்; கிளப்புக்குத் தலைவராகவும் ஆனார். ஒரு கையில் எலும்பு, நரம்பு, தசைகளின் பாடப் புத்தகம். மறுபக்கம் எலும்பும் தசையும் மோதிக்கொள்ளும் மைதானம். இரண்டையும் அவர் விடவில்லை.

இங்கே சற்று நின்று, அந்த இடத்தில் ஆடுகிறவன் கற்க வேண்டிய வித்தை என்ன என்று பார்ப்போம். வாலிபரே, கவனியுங்கள். அக்காலத்தில் நம் நாட்டவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடினார்கள். ஐரோப்பியர் பூட்ஸ் அணிந்து ஆடினார்கள். பூட்ஸின்மேல் வெறுங்காலை வீசி மோதினால் உடைவது எது? ஆகவே வெறுங்கால் ஆட்டக்காரனுக்கு முரட்டுத்தனம் உதவாது. நேரம் பார்க்கும் அறிவுதான் உதவும்.

முதற்பாடம், பாயாதிருத்தல். எதிராளி பந்தோடு வரும்போது ஓடிப்போய் விழாதே. ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாக இடைவெளி விட்டு நில். முழங்காலை மடக்கி, தேகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, முன்பாதத்தில் பாரம் வைத்துச் சிறு சிறு அடியாகப் பின்வாங்கு. இரண்டாவது, கண்ணைப் பந்தின்மேல் வை. அவன் தோளை ஆட்டுவான், இடுப்பை ஆட்டுவான். பந்து பொய் சொல்லாது. மூன்றாவது, அவனை மைதானத்தின் ஓரக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போ. அந்தக் கோடும் உனக்கு ஒரு துணைக் காவலாளி.

நான்காவதுதான் பறிக்கும் நேரம். பந்து அவன் காலைவிட்டு அரை அடி விலகும் அந்தக் கணத்தில், கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உட்புறத்தைப் பந்தின் நடுவில் வை. உன் தேகத்தின் பாரம் முழுவதும் அந்தக் காலின் பின்னால் இருக்கட்டும். வீசி உதைக்காதே, அழுத்தி எடு. சறுக்கி விழுந்து தடுப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். தரையில் கிடப்பவன் காவலனல்லன்.

இதைப் பழக, இரண்டு ஜோடிச் செருப்பை வைத்து ஐந்தடி அகலத்தில் ஒரு சந்து அமைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பந்தோடு வரட்டும், ஒருவன் தடுக்கட்டும். முதலில் நடக்கும் வேகத்தில், பிறகு மெல்லோட்டத்தில், பழகிய பின்பே முழு வேகத்தில். தினம் பத்து நிமிஷம் போதும். எதிராளியின் தேகத்துக்கு ஆபத்து விளைவிக்கும் டாக்கிளுக்கு இன்றைய சட்டப்படி சிவப்பு அட்டை உண்டு. அட்டைக்குப் பயந்து மட்டும் அல்ல. அவனும் ஒரு தாயின் பிள்ளை, அவனுக்கும் நாளைக் காலை ஷிப்டு இருக்கிறது என்று நினைத்து ஆடுங்கள்.

இனிச் சரித்திரத்துக்குத் திரும்புவோம். 1948-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. சுதந்திர இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. கால்பந்துக் குழுவுக்குத் தலைவர் தாலிமெரன். அதுமட்டுமா? ஜூலை 29-ம் தேதி தொடக்க விழாவில் நம் தேசத்தின் கொடியைத் தாங்கி முன்னே நடந்தவரும் அவரே. போதகர் வீட்டுப் பையன், நாகர் மலையின் மைந்தன், அன்று நாடு முழுவதற்கும் முன்னே நடந்தான்.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 31-ல், பிரான்ஸுடன் ஆட்டம். நம்மவரில் பலர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். நம் எல்லைக்கு அப்பால் இருக்கும் பெங்களூர், மைசூர்ப் பக்கத்து ஆட்டக்காரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்: கோல்கீப்பர் வரதராஜ், முன்வரிசையில் அகமது கான், சாரங்கபாணி ராமன். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோல் அதுதான். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் நம்மவருக்குக் கிடைத்தும் கைகூடவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. தோற்றாலும், பூட்ஸ் அணிந்த ஐரோப்பியரைக் கடைசி நிமிஷம் வரை தடுத்து நிறுத்தியவர்கள் என்ற நற்பெயரோடு நம்மவர் திரும்பினார்கள்.

தாலிமெரனுக்கு அப்போது வயது 30. நாடறிந்த பெயர், கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள். அந்த நகரத்திலேயே தங்கி வைத்தியம் பார்த்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1950-ல் வைத்தியப் பட்டம் கைக்கு வந்தது. ஆனால் தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லையே! மைதானத்தின் ஆரவாரத்தை விட்டு, அவர் தம் மலைக்குத் திரும்பினார்.

திரும்பிய காலமும் எளிதல்ல. 1950-களில் நாகர் மலையில் துப்பாக்கி ஓசை ஓயவில்லை. கிராமங்கள் கலங்கிக் கிடந்தன. டாக்டர் ஆவோ கோகிமா அரசாங்க ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அவர் அம்மாநிலத்துச் சுகாதாரத் துறையின் இயக்குநர் பதவி வரை உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998-ம் ஆண்டு செப்டம்பர் 13-ம் தேதி, 80-ம் வயதில் காலமானார். இன்றும் வடகிழக்கு மாநிலங்களில் அவர் பெயரால் கால்பந்துப் போட்டி நடத்தப்படுகிறது.

பெற்றோரே, இந்தச் சரித்திரத்தில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று பந்தை ஒளித்து வைக்கும் வீடுகள் நம் பங்கில் இல்லாமலில்லை. தாலிமெரன் ஆடிக்கொண்டே படித்தார், படித்துக்கொண்டே ஆடினார். அவரை நேர்வழியில் நிறுத்தியது, தகப்பன் சொல்லிவிட்டுப் போன ஓர் ஆசை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லி வைத்திருக்கும் ஆசை எது? பணமும் பதவியும் மட்டுமா, அல்லது பிறருக்கு உதவும்படியான ஒன்றா? இன்று இரவு செபமாலை முடிந்ததும் அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள்.

வாலிபரே, அடுத்த ஞாயிறு மைதானத்தில் இறங்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வீர்கள் என்று அறிவேன். அந்தக் கையே விழுந்தவனைத் தூக்கிவிடவும் நீளட்டும். பந்தை உறுதியோடு பறியுங்கள், காலை விட்டுவிடுங்கள். உங்களால் அடிபட்டவன் எவனேனும் இருந்தால், எந்தக் குழுவினன், எந்த மொழியினன் என்று பாராமல், அவன் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து, முடிந்த உதவியும் செய்துவிட்டு வாருங்கள்.

சேசுநாதர் உங்கள் கால்களையும் உங்கள் குடும்பங்களையும் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு